'பாத்துக் குடுங்க' என்றால் எவ்வளவு? சென்னையில் புதிதாகக் குடித்தனம் வைப்பவர்களுக்கு

ராஜபாளையத்திலிருந்து மடிப்பாக்கத்துக்கு நானும் அம்மாவும் குடிவந்த அன்று, எங்கள் பீரோ இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தது. வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பீரோவைப் பிடித்திருந்த நாலு பேரில் மூத்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, டீ செலவுக்கு ரெண்டாயிரம் குடுத்திருங்க, மேல ஏத்திருவோம்" என்றார். கம்பெனியில் 'எல்லாம் சேர்த்துத்தான்' என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்பே வாங்கியிருந்தார்கள். நான் சண்டை போட்டேன், அழாத குறை. கடைசியில் 1,500 கொடுத்தேன்.

வேலை முடிந்து அம்மா மோர் கொடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்களிடம் கம்பெனிக்காரர், "மாடிக்கு ஏத்துற கூலி வீட்டுக்காரங்க பாத்துக் குடுப்பாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். என்னிடம் ஒரு கதை, அவர்களிடம் ஒரு கதை. நடுவில் பீரோ.

அதற்குப் பிறகு கேஸ், தண்ணி, ஏசி, தீபாவளி என்று ஒவ்வொன்றிலும் ஒருமுறை முட்டி மோதித்தான் கற்றுக்கொண்டேன். கீழே வரும் தொகைகள் எங்கள் பக்கத்துத் தெருக்களில் நான் கண்டவை, நான் கொடுப்பவை. உங்கள் ஏரியாவில் பத்து இருபது முன்னே பின்னே இருக்கும்.

1. கூலி எது, டிப்ஸ் எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

சென்னையில் 'டீ காசு', 'பேட்டா', 'இனாம்', 'மேல போட்டுக் குடுங்க' என்று பல பெயர்கள் காதில் விழும். கேட்பவர் மனதில் அது பாதி நேரம் கூலிதான். மாடி ஏறியதற்கு, கட்டிலைக் கழற்றியதற்கு, ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றதற்கு. கூலி என்றால் வேலைக்கு முன்னால் பேச வேண்டும். டிப்ஸ் என்றால் வேலை முடிந்த பிறகு நீங்களாக விரும்பிக் கொடுப்பது, கொடுக்காமலும் இருக்கலாம்.

ஆகவே எந்த வேலைக்கு யாரைக் கூப்பிட்டாலும், "எவ்ளோ ஆகும்?" என்றதற்கு "பாத்துக் குடுங்க" என்று பதில் வந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். "இல்லண்ணா, நீங்களே ஒரு தொகை சொல்லுங்க, அப்புறம் நமக்குள்ள மனக்கசப்பு வேண்டாம்" என்று கேளுங்கள். சொல்லக் கூச்சப்படுவார்கள். இரண்டாம் முறை கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

2. சில்லறை டப்பா

வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வையுங்கள். எங்கள் வீட்டில் பழைய பிஸ்கட் டின். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக மாதம் 500 ரூபாய் போட்டு வைக்கிறோம். 500 ரூபாய் நோட்டை நீட்டி "சில்லறை இருக்கா?" என்று கேட்டால் அவரிடம் இருக்காது, இரண்டு பேருக்கும் சங்கடம்.

ஜிபே பண்ணலாமே என்றால், பண்ணலாம். ஆனால் அவருடைய நம்பரைக் கேட்டு வாங்க வேண்டும், உங்கள் பெயரும் அவருக்குத் தெரியும். தனியாக இருக்கும் பெண்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். நோட்டே நல்லது.

கொடுக்கும்போது மடித்த நோட்டைக் கையில் கொடுங்கள். கதவுச் சங்கிலிக்கு நடுவே நீட்டுவதும், தரையில் வைத்துவிட்டு "எடுத்துக்கோங்க" என்பதும் வேண்டாம். ஒற்றை ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளாகச் சேர்த்துக் கொட்டவும் வேண்டாம். நான் ஒருமுறை அப்படிப் பதினெட்டு ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். அந்தத் தம்பி வாங்கிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

3. வீடு மாற்றும் ஆட்கள்

பணம் அதிகமாகப் போவதும் சண்டை அதிகமாக வருவதும் இங்கேதான். பேக்கர்ஸ் மூவர்ஸ்காரரிடம் போனில் பேசி முடிக்காதீர்கள். வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். அதில் இவை இருக்க வேண்டும்:

- ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி இரண்டும் சேர்த்தா?
- எத்தனை ஆட்கள்? இரண்டு பக்கமும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா?
- வண்டி வாசல் வரை வருமா? சந்து குறுகலாக இருந்து வண்டி தெருமுனையில் நின்றால் தூக்கிவரும் தூரத்துக்குத் தனிக் காசா?
- கட்டில், அலமாரி கழற்றி மாட்டுவது யார் பொறுப்பு?
- ஜிஎஸ்டி, இன்ஷூரன்ஸ் சேர்த்தா, தனியா?
- கடைசியில் ஒரு வரி: 'ஆட்களுக்கு வீட்டுக்காரர் தனியாக எதுவும் தர வேண்டியதில்லை.'

அந்தக் கடைசி வரியை எழுதித்தரத் தயங்கினால், உங்களுக்குச் சொன்ன தொகையில் ஆள் கூலி முழுதாக இல்லை என்று அர்த்தம். வேறு ஆளைப் பாருங்கள், அல்லது கூலியைச் சேர்த்தே பேசுங்கள். முன்பணம் நான் இப்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பதில்லை. மீதி, கடைசிப் பெட்டி இறங்கிய பிறகு.

நாளும் முக்கியம். மாதக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள் மூன்றும் சேர்ந்துவிட்டால் அவர்கள் வைத்ததே விலை. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் யாரும் வீடு மாறுவதில்லை. உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால் பேரம் நன்றாகப் படியும். அம்மாவுக்கு உண்டு, அதனால் நாங்கள் தை மாத விலை கொடுத்தோம்.

வண்டி ஏறுவதற்கு முன் ஒவ்வொரு சாமானையும் ஒரு போட்டோ எடுங்கள். ஆட்கள் வந்ததும் மூத்தவரைக் கூப்பிட்டு, "மாடிக் கூலி உங்க கம்பெனில பேசியாச்சுண்ணா, இந்தாங்க மெசேஜ். வேலை முடிஞ்சதும் நான் தனியா சந்தோஷமா தர்றேன்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். இந்த இரண்டு வாக்கியம் எனக்கு 1,500 ரூபாய் கொடுத்து வாங்கிய பாடம்.

டிப்ஸ்: ஆளுக்கு 100 முதல் 200 வரை. லிஃப்ட் இல்லாத மாடி, வாஷிங் மெஷின், மரக்கட்டில் என்றால் 200. கட்டில் மாட்டி முடித்த பிறகுதான். ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுங்கள். சூப்பர்வைசரிடம் மொத்தமாகக் கொடுத்தால் கடைசிப் பையனுக்கு எவ்வளவு போகும் என்பது உங்களுக்குத் தெரியாது. நடுவில் டீயும் வடையும், மதியம் தாண்டினால் சாப்பாடும் வாங்கிக் கொடுப்பது வழக்கம். புது வீட்டில் அடுப்பு இருக்காது. தெருமுனைக் கடையை முதல்நாளே பார்த்து வையுங்கள்.

4. கேஸ் சிலிண்டர்

பில்லில் உள்ள விலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கட்டணமும் சேர்ந்தே இருக்கிறது. எத்தனையாவது மாடியானாலும் பில்லுக்கு மேல் தர வேண்டியதில்லை என்பதுதான் எண்ணெய் நிறுவனங்கள் சொல்லும் விதி. இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், முக்கியமாக யாராவது அதட்டிக் கேட்டால்.

இனி நடப்பைச் சொல்கிறேன். எங்களுக்குச் சிலிண்டர் கொண்டுவரும் அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். நிரம்பிய சிலிண்டர் முப்பது கிலோ வரும். தோளில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் சிலிண்டரைச் சாய்த்து, ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறுவார். இரண்டாம் மாடியில் அதை இறக்கி வைக்கும் சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா சொம்பில் தண்ணீர் மொண்டுவிடுவாள். அவருக்கு நாங்கள் 50 ரூபாய் கொடுக்கிறோம். தரை தளம் என்றால், லிஃப்ட் இருந்தால், 20 அல்லது 30 போதும்.

வரிசை இப்படி இருக்கட்டும்:

- பில்லை வாங்கித் தொகையைப் பாருங்கள். விலை மாதப் பிறப்பில் மாறலாம், போன மாத ஞாபகத்தில் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் கட்டியிருந்தால் அங்கே கொடுக்க எதுவுமில்லை.
- சீல் உடையாமல் இருக்கிறதா பாருங்கள். சிலிண்டரின் மேல் வளையத்தில் காலி எடை எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோ கூட்டினால் வர வேண்டிய எடை. தராசு கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம்.
- மூடியைத் திறந்து வாஷர் இருக்கிறதா, கசிகிறதா என்று அவரையே பார்த்துத் தரச் சொல்லுங்கள்.
- உங்கள் போனுக்கு வந்த டெலிவரி எண்ணை இதற்கெல்லாம் பிறகு சொல்லுங்கள். கீழே வண்டியிலிருந்து போன் செய்து "நம்பர் சொல்லுங்க" என்றால், "மேல வாங்கண்ணா, சொல்றேன்" என்பதே பதில்.
- கடைசியாக 50 ரூபாய்.

பொறி எங்கே என்றால், பில்லைக் காட்டாமலே "தொள்ளாயிரத்தி ஐம்பது" என்று முழு எண்ணாகச் சொல்வது. பில் தொகையை எண்ணிக் கொடுத்துவிட்டு டிப்ஸைத் தனியாகக் கொடுங்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்தால் அடுத்த மாதத்திலிருந்து அதுவே விலையாகிவிடும். டிப்ஸ் கொடுக்காவிட்டால் சிலிண்டர் தாமதமாகும் என்று யாராவது மிரட்டினால் ஏஜென்சியிலும் நிறுவனத்தின் செயலியிலும் புகார் எழுதலாம். எழுதினால் பலன் இருக்கிறது. கசிவு என்றால் மட்டும் 1906, அது அவசர எண்.

5. தண்ணி கேன்

20 லிட்டர் கேனுக்கு இங்கே பொதுவாக டிப்ஸ் வழக்கம் இல்லை. விலையிலேயே மாடிக்கு ஐந்து, பத்து கூட்டிச் சொல்வார்கள். அதைப் பேரம் பேசாமல் கொடுத்தால் போதும். முதல் கேனுக்கு வாங்கும் டெபாசிட்டை மட்டும் அவருடைய அட்டையிலோ உங்கள் போனிலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீடு காலி செய்யும்போது அது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

6. சாப்பாடு, மளிகை கொண்டுவருபவர்கள்

செயலியில் பில் கீழே ஒரு பட்டியல் வரும்: டெலிவரி கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம், பேக்கிங், சில நாள் மழைக் கட்டணம். இதில் எதுவும் டிப்ஸ் இல்லை. டிப்ஸ் என்று தனியாக ஒரு பெட்டி இருக்கும். அதில் போடும் தொகை முழுவதும் கொண்டுவருபவருக்கே போகிறது என்று ஸ்விக்கி, சொமேட்டோ இரண்டும் சொல்கின்றன. ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அடுத்த ஆர்டருக்கும் அதுவே பதிந்து நிற்கலாம். பணம் கட்டும் முன் அந்த இடத்தை ஒருமுறை பாருங்கள். நான் மூன்று வாரம் எனக்கே தெரியாமல் தாராளமாக இருந்திருக்கிறேன்.

என் வழக்கம் கையில் கொடுப்பது. அன்றைக்கே பெட்ரோலுக்கு ஆகும். சாதாரண நாளில் 20. மழை, இரவு பதினொன்றுக்கு மேல், உச்சி வெயில், மூன்று மாடி என்றால் 50. நவம்பர், டிசம்பரில் வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாளில் ஆர்டர் போடவே வேண்டாம் என்பது என் கட்சி. போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் 100 கொடுங்கள், தெருமுனைக்கு நீங்களே இறங்கிப் போங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்கு நேரம்தான் காசு. உங்கள் வீட்டைத் தேடிப் பத்து நிமிடம் சுற்றினால் அடுத்த ஆர்டர் போய்விடும், உங்கள் இருபது ரூபாய் அதை ஈடுகட்டாது. எனவே குடிவந்த முதல் வாரமே மேப்பில் உங்கள் வாசலைச் சரியாகக் குத்தி வையுங்கள். 'பிள்ளையார் கோயில் எதிர் சந்து, பச்சை கேட், மூன்றாம் மாடி' என்று முகவரியில் எழுதுங்கள். அடுக்ககமாக இருந்தால் செக்யூரிட்டியிடம் முன்பே சொல்லி வையுங்கள். போன் வந்தால் முதல் மணியிலேயே எடுங்கள்.

சில அடுக்ககங்களில் டெலிவரிக்காரர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் நீங்கள் கீழே போய் வாங்குங்கள், சங்கக் கூட்டத்தில் அந்தப் பலகையைப் பற்றிக் கேளுங்கள். வயதில் சின்னவரானாலும் "வாங்க, போங்க" என்றே பேசுங்கள். 'தம்பி' என்று கூப்பிட்டுவிட்டு 'வா' என்பது சென்னையில் எடுபடாது.

7. கூரியர்

டிப்ஸ் எதிர்பார்ப்பு இல்லை. பத்து கிலோ அரிசி மூட்டை, புத்தக அலமாரி மாதிரி ஏதாவது தூக்கி வந்தால் 30, 50. ஓடிபி கேட்டால் பொருளைக் கையில் வாங்கிய பிறகு சொல்லுங்கள். போனோ லேப்டாப்போ என்றால் அவர் முன்னாலேயே பெட்டியைத் திறந்து வீடியோ எடுங்கள். அது அவர்மேல் உள்ள சந்தேகம் இல்லை, நாளை பிரச்சினை வந்தால் அவருக்கும் அது சாட்சி.

8. ஏசி, வாஷிங் மெஷின், பிளம்பர், எலக்ட்ரீஷியன்

பொருளைக் கொண்டுவருபவர் வேறு, மாட்டித் தருபவர் வேறு. கொண்டுவந்தவரிடம் "கொஞ்சம் மாட்டிக் குடுங்களேன்" என்று டிப்ஸ் கொடுத்து வேலை வாங்காதீர்கள். கம்பெனி ஆள் மாட்டவில்லை என்று பின்னால் வாரண்டியில் தகராறு செய்வார்கள்.

ஏசி மாட்ட வருபவரிடம் வேலைக்கு முன் கேளுங்கள்: கூடவே வரும் செம்புக் குழாய் எவ்வளவு நீளம்? பெரும்பாலும் 3 மீட்டர். அதற்கு மேல் மீட்டருக்கு எவ்வளவு? வெளியே வைக்கும் ஸ்டாண்டுக்கு, சுவரில் துளை போட, தனிக் கட்டணமா? விலைப்பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள், அவர்களிடம் இருக்கும். பணத்தைக் கம்பெனி பில்லுக்கு எதிராக மட்டும் கொடுங்கள். "பில் வேண்டாம்னா கம்மியா முடிச்சுத் தர்றேன், அடுத்த தடவ எனக்கே நேரா போன் பண்ணுங்க" என்பார்கள். வாரண்டி முடியும் வரை அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

டிப்ஸ் ஆளுக்கு 100. எங்கள் வீட்டில் மாட்டியவர் இடுப்பில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையை எங்கள் ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டுவிட்டு, மூன்றாம் மாடிச் சன்ஷேடில் இறங்கினார். நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு 300 கொடுத்தேன். பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் வந்தால் வேலையைத் தள்ளிப்போடச் சொல்லலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

பிளம்பர், எலக்ட்ரீஷியன் இருவரும் வந்து பார்ப்பதற்கே 200, 300 கேட்பார்கள். வேலை செய்தால் அதைக் கழிப்பாரா என்பதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். சாமான் வாங்கினால் கடைச்சீட்டு வாங்குங்கள். அவர் சொன்ன கூலியைப் பத்து நிமிடம் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, பிறகு 20 ரூபாய் டிப்ஸ் கொடுப்பதில் அர்த்தமில்லை. 480 என்றால் 500 கொடுத்து முடியுங்கள். கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுத்தவருக்கு மட்டும் நான் தனியாக 100 கொடுப்பேன், கை கழுவ சோப்பும் சுடுதண்ணீரும் சேர்த்து.

9. யாருக்குக் கொடுக்கவே கூடாது

அரசு வேலையை முடித்துத் தருவதற்காகக் கேட்கும் பணம் டிப்ஸ் அல்ல, அதற்கு வேறு பெயர். புது ஆட்கள் சறுக்கும் இடங்கள் மூன்று.

பாஸ்போர்ட் போலீஸ் விசாரணை: இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. விண்ணப்பத்தோடு கட்டியதோடு சரி. "ஜெராக்ஸ் செலவு" என்று ஆரம்பித்தால், ஆதார், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துக் கையில் வைத்திருந்து நீட்டிவிடுங்கள். பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

பாஸ்போர்ட் தபால்: விரைவுத் தபாலில் வரும், விண்ணப்பித்தவர் கையில்தான் தருவார்கள். அடையாள அட்டையைக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுங்கள், நன்றி சொல்லுங்கள்.

ஈபி: பெயர் மாற்றம், மீட்டர் மாற்றம் எதுவானாலும் ரசீது வரும் வழியில் மட்டும் பணம்.

ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான், ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தியதால் கொடுத்துவிட்டீர்கள் என்றால் 7 நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் புகார் போகும் இடம் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகம்.

10. தீபாவளி

மாதா மாதம் கொடுக்காதவர்களுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் நாள் இது. சம்பளத் தேதியில் இதற்கென்று ஒரு தொகையைத் தள்ளி வைக்காவிட்டால் ஐப்பசியில் திணறுவீர்கள். நான் ஜூலையிலிருந்து மாதம் 1,000 ஒதுக்குகிறேன்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், ஒரு புடவை, இனிப்பு. வந்து ஒரு வருடம் ஆகவில்லையென்றால் பாதி கொடுப்பவர்களும் உண்டு. நாங்கள் ஆறு மாதத்திலேயே முழுதாகக் கொடுத்தோம், வருத்தமில்லை. கொடுக்கும் தேதி முக்கியம்: தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால். முந்தைய நாள் கொடுத்தால் அவர் எப்போது ரங்கநாதன் தெருவுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பது? புடவைக்குப் பதிலாகப் பணமாக வேண்டுமா என்றும் கேளுங்கள். "நீங்க எடுத்துக் குடுக்கிறதே போதும்மா" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி தயங்கினால், பணமாகக் கொடுங்கள்.

வாட்ச்மேன், குப்பை எடுப்பவர், மாடிப்படி பெருக்குபவர்: அடுக்ககச் சங்கம் மொத்தமாக வசூலிக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வசூலித்தால் அதில் எவ்வளவு யாருக்குப் போகிறது என்றும் கேளுங்கள். இல்லையென்றால் ஆளுக்கு 300 முதல் 500. கேஸ் அண்ணன், பால் போடுபவர், பேப்பர் பையன், தண்ணி கேன்காரர் ஆளுக்கு 100 அல்லது 200. பழைய துணியும் மீந்த பலகாரமும் இந்தக் கணக்கில் சேராது.

பொறி: தீபாவளிக்கு முந்தைய வாரம், நீங்கள் ஒருநாளும் பார்த்திராத சிலர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து "கார்ப்பரேஷன்ல இருந்து வர்றோம்" என்பார்கள். பக்கத்து வீட்டார் 500 என்று எழுதியிருப்பார்கள், அது அவர் எழுதியதா என்பது வேறு. "எங்க தெருவுக்கு வர்ற அக்காகிட்ட குடுத்துட்டோம்ங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தலாம். அதற்காகவே உண்மையாக வருபவர்களின் முகமும் பெயரும் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு, எவ்வளவு, என்றைக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் போன முறையைவிடக் குறைத்துக் கொடுத்துவிட்டால் அதைவிடச் சங்கடம் இல்லை. எங்கள் பட்டியல் பிஸ்கட் டின்னின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதில் யாராவது விட்டுப்போய்விட்டால் பொங்கலுக்குக் கொடுத்துச் சரிக்கட்டிவிடுவோம்.